தொட்டிலும் தூரிகையும்
பிரெஞ்சு ஓவியர் பேர்த் மொறிசோ (1841–1895)

பிள்ளை பெற்ற பின்னர் ஒரு பெண் கற்ற கலைக்கு என்ன நேர்கிறது? நூற்றாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் கல்லூரியின் பழைய மாணவியருள் இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளாதவர் மிகச் சிலராகவே இருப்பர். சங்கீதத்திலும் சித்திரத்திலும் பரிசு பெற்று, பரிசளிப்பு விழா மேடையில் கைதட்டல் வாங்கியவர்கள் எத்தனை பேர்! முதற் பிள்ளை பிறந்ததும் வீணையை உறையிலிட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றியவர்களும் அவர்களுள் எத்தனையோ பேர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வேறெதையும் நினைக்க முடியாது என்பதைத் தாயானவர்கள் அறிவர்.

இதே நிலையை இற்றைக்கு ஏறத்தாழ நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பரிஸ் நகரில் எதிர்கொண்டவர் பேர்த் மொறிசோ. மொனே, டெகா, றெனுவார் ஆகிய பெரும் ஓவியர்களோடு சரிநிகராக நின்று, மனப்பதிவுவாதம் எனப்படும் இம்பிரஷனிச ஓவிய மரபை உருவாக்கியவர் அவர். தாயான பின்னரும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அது எவ்வாறு கைகூடியது, அதற்கு யார் யார் தோள் கொடுத்தனர் என்பதையும் அவரது ஓவியங்களே காட்டுகின்றன. ஆகவேதான் அவரது வாழ்க்கையை இம்மலரில் எழுத விரும்பினேன்.

தோட்டத்தில் ஓர் ஓவியக்கூடம்

பேர்த் 1841 ஜனவரி 14 ஆம் திகதி பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள பூர்ஜ் நகரிற் பிறந்தார். தகப்பனார் நம் நாட்டு அரசாங்க அதிபர் பதவியை ஒத்த உயர் பதவியை வகித்தவர். ஈவ், எட்மா என்னும் இருவர் பேர்த்தின் தமக்கைமார். தம்பி ஒருவரும் இருந்தார். பேர்த்துக்குப் பதினொரு வயதளவில் குடும்பம் பரிஸின் பாஸி பகுதியிற் குடியேறியது.

வசதி படைத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பியானோ வாசிக்கவும் சிறிது சித்திரம் தீட்டவும் பழகியிருப்பது அக்காலத்தில் நற்பழக்கமாகக் கருதப்பட்டது. கலியாணப் பேச்சுக்கு அது ஒரு தகைமை. அந்த நோக்கத்துடனேயே தாயாரும் மூன்று பெண்களுக்கும் சித்திர வகுப்பு ஏற்பாடு செய்தார். மூத்தவர் ஈவ் விரைவில் விலகிக்கொண்டார். எட்மாவும் பேர்த்தும் விலகவில்லை. அவர்களுக்குக் கற்பித்த கிஷார் என்னும் ஆசிரியர் சில காலத்தில் தாயாரிடம் வந்து ஓர் எச்சரிக்கை விடுத்தார். இந்தப் பிள்ளைகளின் திறமை வீட்டுச் சுவரை அலங்கரிப்பதோடு நிற்காது, இவர்கள் உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது ஒரு பெரும் விபத்தாக முடியும் என்பது அவரது கருத்து. தாயார் வகுப்பை நிறுத்தவில்லை.

பரிஸின் அரச நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆதலால் சகோதரிகள் இருவரும் லூவர் நூதனசாலைக்குச் சென்று பழைய மேதைகளின் படங்களைப் பார்த்து வரைந்து பழகினர். இயற்கைக் காட்சி ஓவியத்திற் புகழ்பெற்ற கோறோவிடமும் கற்றனர். தகப்பனார் வீட்டுத் தோட்டத்திலேயே அவர்களுக்கென ஓர் ஓவியக்கூடம் கட்டிக் கொடுத்தார். 1864 இல் இருவரது படங்களும் அரச ஆதரவிலான 'சலோன்' கண்காட்சிக்கு ஏற்கப்பட்டன. பேர்த்துக்கு அப்பொழுது 23 வயது, எட்மாவுக்கு 24.

அக்காவும் தங்கையும்

இந்தச் சகோதரிகளின் கதையில் நம் மனத்தைத் தொடும் இடம் 1869 ஆம் ஆண்டு. அவ்வாண்டில் எட்மா ஒரு கடற்படை உத்தியோகத்தரை மணந்து லோறியோன் துறைமுக நகருக்குச் சென்றார். அதன் பின்னர் அவர் ஓவியராகத் தொழிற்படவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கூடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்று வரைந்தவர்கள் இப்பொழுது கடிதத்தில் மாத்திரமே பேசிக்கொண்டனர். தங்கையின் கூடத்துக்குத் தன் மனம் போய்வருவதை எட்மா எழுதினார். தனியே நின்று வரைவதன் துயரத்தைப் பேர்த் எழுதினார். எட்மாவின் கைவண்ணத்தில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, சித்திரச் சட்டத்தின் முன்னே நின்று வரையும் தங்கையின் உருவப்படம்.

எட்மா தம் முதற் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்த நாட்களில், பேர்த் தாயாரையும் தமக்கையையும் ஒரே படத்தில் வரைந்தார். தாயார் கறுப்பு உடையில் புத்தகம் வாசிக்கிறார். எட்மா தளர்ந்த வெள்ளை உடையிற் சோபாவிற் சாய்ந்து, எதையும் பாராமற் பார்த்திருக்கிறார். அப்படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் உள்ளது.

அடுத்து 1872 இல் வந்தது, உலகம் முழுவதும் அறிந்த 'தொட்டில்' என்னும் படம். எட்மா தம் இரண்டாவது மகள் பிளான்ஷின் தொட்டிலருகே கன்னத்திற் கைவைத்து அமர்ந்திருக்கிறார். மெல்லிய வெண்திரை பிள்ளையை மூடியிருக்கிறது. உறங்கும் பிள்ளையின் மடித்த கையும் தாயின் மடித்த கையும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. தாய்மையின் இனிமையைக் காட்டும் படமென்று இதைப் பலர் சொல்வர். அந்தத் தாயின் முகத்தைச் சற்று நேரம் பாருங்கள். அன்போடு களைப்பும் தெரிகிறது, சிந்தனையும் தெரிகிறது. தூரிகையை விட்டுவிட்ட ஓர் ஓவியரை, அதை விடாத இன்னோர் ஓவியர் பார்த்து வரைந்த படம் அது என்பதை மனத்திற் கொண்டால் அந்த முகத்தின் பொருள் ஆழமாகும்.

1874 ஏப்ரல் 15 ஆம் திகதி, சலோனின் கட்டுப்பாடுகளை வெறுத்த ஓவியர்கள் முப்பது பேர் சேர்ந்து, புகைப்படக் கலைஞர் நடாரின் பழைய கூடத்தில் தம் முதலாவது கண்காட்சியைத் திறந்தனர். அவர்களுள் பெண் பேர்த் ஒருவரே. 'தொட்டில்' படமும் அங்கே வைக்கப்பட்டது. அதை அன்று எவரும் வாங்கவில்லை. குடும்பத்திடமே இருந்த அப்படத்தை லூவர் 1930 இல்தான் வாங்கியது. இன்று பரிஸின் ஓர்சே நூதனசாலைக்குச் செல்வோர் அதன் முன் நிற்காமல் திரும்புவதில்லை.

மணமும் மகப்பேறும்

பேர்த் 33 வயதுவரை மணமுடிக்கவில்லை. நல்ல வரன்கள் தவறிப்போவதாகத் தாயார் கவலைப்பட்டார். எட்மாவின் நிலையைக் கண்ட பேர்த்துக்குத் திருமணம் என்றாலே ஓவியம் முடிந்தது என்ற அச்சம் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. முடிவில் அவர் கைப்பிடித்தது, தம் நண்பரும் பேரோவியருமான எடுவார் மனேயின் தம்பி யூஜேன் மனேயை. திருமணம் 1874 டிசெம்பர் 22 ஆம் திகதி பாஸியில் நடந்தது. யூஜேனும் பொழுதுபோக்காகச் சித்திரம் தீட்டுபவர். மனைவி தம்மிலும் மேலான கலைஞர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். மனைவிக்கு முன்னால் அமர்ந்து படத்துக்கு மாதிரியாகவும் இருந்தார். திருமணத்தின் பின்னரும் பேர்த் தம் படங்களில் மொறிசோ என்ற பிறந்தகப் பெயரையே ஒப்பமிட்டார்.

1876, 1877 ஆம் ஆண்டுகளிற் குழுவின் கண்காட்சிகள் தொடர்ந்தன. பேர்த் இரண்டிலும் பங்குபற்றினார். 1878 நவம்பர் 14 ஆம் திகதி மகள் ஜூலி பிறந்தாள். தாய்க்கு வயது 37. அவளே ஒரே பிள்ளை.

அடுத்த ஏப்ரலில் நான்காவது கண்காட்சி. ஜூலிக்கு அப்பொழுது ஐந்து மாதம். பேர்த் அதிற் கலந்துகொள்ளவில்லை. 1874 முதல் 1886 வரை இக்குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் அவர் தவறவிட்டது அந்த ஒன்றை மாத்திரமே. அந்த 1879 இலேயே அவர் மீண்டும் வரையத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். பரிஸின் புலோன் பூங்கா ஏரியில் இரு பெண்கள் ஓடத்தில் அமர்ந்திருக்கும் 'கோடை நாள்' அவ்வாண்டைச் சேர்ந்தது. இப்பொழுது அது லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. நடன விருந்துக்கு உடுத்திய இளம்பெண்ணின் படமும் அவ்வாண்டினதே. 1880 இல் ஐந்தாவது கண்காட்சிக்கு அவர் திரும்பிவிட்டார்.

ஒரு கைப்பிள்ளையின் தாய்க்கு இது எவ்வாறு முடிந்தது? விடை எளியது. ஜூலிக்குப் பாலூட்டியவர் வேறொரு பெண்.

முலைத்தாய்

ஊட்டுந்தாய், கைத்தாய், செவிலித்தாய், முலைத்தாய் என்றெல்லாம் தாயரை வகைபிரித்துச் சொல்லும் மொழி நம்முடையது. உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவர்களுக்கு இச்சொற்கள் நினைவிருக்கும். பெற்ற தாய்க்குப் பதிலாகப் பாலூட்டுபவளே முலைத்தாய். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இது காவியச் செய்தியன்று. சட்டமும் சம்பளமும் உள்ள ஒரு பெருந்தொழில்.

கடை நடத்திய, தையல் வேலை செய்த பரிஸ் பெண்கள் தம் பிள்ளைகளை நாட்டுப்புற முலைத்தாயரிடம் அனுப்பி வளர்த்தனர். பலர் பிள்ளையை மீண்டும் உயிருடன் காணவில்லை. செல்வர்கள் முலைத்தாயைத் தம் வீட்டுக்கே வரவழைத்தனர். பேர்த்தின் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில் அதுவே வழக்கம். பர்கண்டிப் பிரதேசத்தின் மோர்வான் மலைநாட்டுப் பெண்களுக்கு இத்தொழிலில் நல்ல பெயர் இருந்தது. வீட்டோடு தங்கிய முலைத்தாய்க்கு மற்றைய வேலைக்காரரிலும் பார்க்க நல்ல ஊதியம், நல்ல உணவு, நீண்ட நாடாக்கள் தொங்கும் தொப்பி எல்லாம் கிடைத்தன. அந்தப் பணத்தைக் கொண்டு ஊரில் எழுப்பிய வீடுகளை மோர்வானில் 'பால் வீடுகள்' என்றே அழைத்தனர்.

ஆனால் முலைத்தாய்க்கும் ஒரு பிள்ளை இருக்கவேண்டும். பிள்ளை பெறாதவளிடம் பால் ஏது? தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டே அவள் பரிஸுக்கு வந்தாள். அங்கே அந்தப் பிள்ளைக்கு மாட்டுப்பாலோ, கஞ்சியோ, வேறொருத்தியின் மிச்சப் பாலோ கிடைத்தது. போத்தலைக் கொதிநீரில் இட்டுக் கிருமி நீக்கும் அறிவு அன்று பரவியிருக்கவில்லை. போத்தற் பால் பிள்ளைகளைக் கொன்றது. ஏழைத் தாய்மாருக்குச் சுத்தமான பாலும் ஆலோசனையும் வழங்கும் நிலையம் ஃபேகாம் நகரில் 1894 இற்றான் தொடங்கியது.

இந்தக் கொடுமையைக் கண்டு சட்டம் கொண்டுவந்தவர் வைத்தியரும் அரசியல்வாதியுமான தியோபீல் றூசெல். அவர் பெயரால் வழங்கும் அந்தச் சட்டம் 1874 டிசெம்பர் 23 ஆம் திகதியது. அதாவது பேர்த்தின் திருமணத்துக்கு மறுநாள். பெற்றார் வீட்டுக்கு வெளியே கூலிக்கு வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாவரையும் அது அரச மேற்பார்வைக்குட்படுத்தியது. பிறர் வீட்டிற் பாலூட்டப் போகும் பெண், தன் கடைசிப் பிள்ளை உயிரோடிருக்கிறதா, அதற்கு ஏழு மாதம் நிறைந்ததா, இல்லையேல் அதற்கு வேறொரு பெண் பாலூட்டுகிறாளா என்று தன் ஊர் நகரபிதாவிடம் அத்தாட்சிப்பத்திரம் பெறவேண்டும் என்றும் விதித்தது. ஒரு பிள்ளையின் பால் இன்னொரு பிள்ளைக்குப் போகிறது என்ற உண்மையை ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம் அது.

தோட்டத்தில் இருவர்

வீட்டுக்கு முலைத்தாய் வைத்திருந்த சீமாட்டிகள் அன்று எத்தனையோ ஆயிரம் பேர். பேர்த் மொறிசோவை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர் செய்த ஒரு காரியம். மகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஆஞ்செல் என்னும் அந்தப் பெண்ணை அவர் படமாக வரைந்தார்.

1880 ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட அப்படத்தின் பெயர் 'முலைத்தாய் ஆஞ்செல் ஜூலி மனேக்குப் பாலூட்டுகிறாள்' என்பது. ஒரு தோட்டம். பச்சைப் புல்வெளி. வெள்ளை உடை அணிந்த பெண். அவள் மடியில் இளஞ்சிவப்பாய் ஒரு பிள்ளை. கோடுகள் ஓரிடத்திலும் நிலைத்து நிற்கவில்லை. பெண்ணின் முகம் முழுமையாகத் தீட்டப்படவில்லை. வெள்ளையும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, காற்றில் அசைவது போலிருக்கிறது. பாலூட்டும் பெண்ணைக் கண்டவுடன் நாம் எதிர்பார்க்கும் அமைதி அப்படத்தில் இல்லை. வேகமே இருக்கிறது.

ஐரோப்பிய ஓவியத்தில் பாலூட்டும் தாய் புதியவளல்லள். குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டும் மரியாளைப் பல நூற்றாண்டுகளாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேர்த்தின் நண்பர் றெனுவாரும் தம் மனைவி அலின் மகனுக்குப் பாலூட்டுவதை வரைந்தார். 1886 ஜனவரியில் றெனுவாரின் கூடத்துக்குச் சென்ற பேர்த், அதற்கான வரைவைக் கண்டு வியந்து தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். றெனுவாரின் படத்தில் தகப்பன் வரைகிறார், தாய் பாலூட்டுகிறாள். பேர்த்தின் படத்தில் பெற்ற தாய் சித்திரச் சட்டத்தின் முன் நின்று வரைகிறாள். அவள் பிள்ளைக்கு வேறொரு பெண் ஊதியத்துக்குப் பாலூட்டுகிறாள். ஒரே தோட்டத்தில், ஒரே வேளையில், இரண்டு பெண்கள் தத்தம் தொழிலைச் செய்கிறார்கள். ஒருத்தியின் தொழிலாலேயே மற்றவளின் தொழில் நடக்கிறது. நடுவில் பிள்ளை.

இந்தப் படத்தை வரையும்போது பேர்த்தின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர் பலவாறு எழுதியுள்ளனர். பொறாமையா, நன்றியா, குற்ற உணர்வா என்று வரிகளைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். மறைக்கக்கூடியதை அவர் மறைக்கவில்லை என்பதே போதும். தாமே மகளை மடியில் ஏந்தியிருப்பதாக ஒரு படம் தீட்டியிருந்தால் எவர் கேட்டிருப்பார்? அவரோ உண்மையில் யார் மடியிற் பிள்ளை இருந்ததோ அவளை வரைந்தார். ஆஞ்செல் என்ற பெயர் நமக்கு வந்து சேர்ந்ததும் அதனாலேயே.

அவரது வேகமான, முற்றுப்பெறாதது போன்ற தூரிகை நடையைப் பிள்ளை அழும் முன் முடிக்கவேண்டிய அவசரத்தின் விளைவு என்று விளக்குவது எளிது. அது சரியன்று. ஜூலி பிறப்பதற்கு முன்னரே அந்நடையை அவர் வகுத்துவிட்டார். ஓவியம் முடிவுறவில்லை என்று விமரிசகர்கள் குறை கூறியபோதும் அதை அவர் மாற்றவில்லை. தாய்மை அவருக்குக் கொடுத்தது நடையை அன்று, பொருளை. அன்று தொடங்கி, ஜூலியைத் தவழும் பருவத்திலும் பொம்மையோடும் வயலினோடும் நாயோடும் வரைந்துகொண்டே இருந்தார். மகள் வளர்ந்த கதையைத் தாயின் படங்களை வரிசையாக வைத்தே சொல்லிவிடலாம்.

தகப்பன் மடியில்

பால்குடி மறந்த பின்னரும் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். 1881 முதல் சில கோடைகளை அவர்கள் பரிஸுக்கு அண்மையிலுள்ள பூஜிவாலிற் கழித்தனர். பாஸீ என்ற பணிப்பெண் தோட்டத்திலிருந்து தைப்பதையும் ஜூலியோடு பேசிக்கொண்டிருப்பதையும் பேர்த் வரைந்தார். 1881 இல் வரைந்த இன்னொரு படத்தில், யூஜேன் தோட்டத்து இருக்கையில் அமர்ந்திருக்க, விளையாட்டுச் சாமானை அவர் மடியில் வைத்து ஜூலி விளையாடுகிறாள். தகப்பன் பிள்ளை பார்க்கும் காட்சி அக்கால ஓவியத்தில் அரிது. அதைத் தாய் வரைந்துகொண்டிருப்பது அதனினும் அரிது.

1882 இல் ஏழாவது கண்காட்சி வந்தபோது பேர்த் ஜூலியுடன் நீஸ் நகரில் தங்கியிருந்தார். யூஜேன் பரிஸுக்குத் திரும்பி, மனைவியின் படங்களைக் கண்காட்சியில் வைக்கும் அலுவல்களைத் தாமே பார்த்தார்.

இதே குழுவில் மறி பிறாக்மோன் என்றொரு பெண் ஓவியரும் இருந்தார். பேர்த்துக்குச் சில வாரங்களே மூத்தவர், ஓர் ஆண்பிள்ளையின் தாய். அவர் கணவரும் பெயர்பெற்ற கலைஞரே. ஆனால் மனைவி தெரிந்தெடுத்த ஓவிய வழியை அவர் விரும்பவில்லை. வீட்டில் ஓயாத எதிர்ப்பைக் கண்டு 1890 அளவில் மறி ஓவியத்தைப் பெரிதும் கைவிட்டார். எட்மாவையும் மறியையும் பேர்த்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். திறமையில் மூவருக்கும் குறைவில்லை. வேறுபட்டது வீடு.

இறுதிக் காலம்

1883 இல் அவர்கள் பரிஸில் வில்ஜூஸ்ற் வீதியிற் சொந்த வீடு கட்டினர். உயர்ந்த கூரையுடைய விருந்தினர் மண்டபமே பேர்த்தின் ஓவியக்கூடமும். குடும்பம் நடக்கும் இடத்திலேயே தொழிலும் நடந்தது. வியாழக்கிழமை இரவுகளிற் கவிஞர் மல்லார்மே, டெகா, றெனுவார் முதலானோர் அங்கே விருந்துண்ண வந்தனர். ஜூலி அவர்கள் மத்தியில் வளர்ந்தாள். அவளுக்குச் சித்திரம் கற்பித்தவர் தாயே. பின்னாளில் தாயும் மகளும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே காட்சியை வரைந்தனர். ஒருகாலத்தில் எட்மா நின்ற இடம் மீண்டும் நிறைந்தது.

1892 ஏப்ரலில் யூஜேன் காலமானார். சில வாரங்களில் பேர்த்தின் முதலாவது தனிக்கண்காட்சி பரிஸில் நடந்தது. 1894 இல் மல்லார்மேயின் முயற்சியால் பிரெஞ்சு அரசாங்கம் அவரது படமொன்றை வாங்கியது. அது ஜூலி கைப்பிள்ளையாயிருந்த 1879 இல் வரைந்த, நடன விருந்துக்கு உடுத்திய பெண்ணின் படம்.

1895 இல் ஜூலிக்குக் கடும் சளிக்காய்ச்சல் கண்டது. இம்முறை பேர்த் தாமே அருகிருந்து பராமரித்தார். மகள் தேறினாள். நோய் தாயைப் பற்றி நியூமோனியாவாக மாறியது. மார்ச் 2 ஆம் திகதி, தம் 54 ஆவது வயதில், பேர்த் மொறிசோ உயிர் நீத்தார். ஜூலிக்கு அப்பொழுது பதினாறு வயது. மல்லார்மேயும் றெனுவாரும் ஏனைய நண்பர்களும் அப்பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்றனர். மறு ஆண்டு மார்ச்சில், டெகா, மொனே, றெனுவார், மல்லார்மே நால்வரும் ஜூலியோடு சேர்ந்து, ஏறக்குறைய நானூறு படைப்புகளைக் கொண்ட நினைவுக் கண்காட்சியை நடத்தினர்.

பாஸி மயானத்திலுள்ள கல்லறையில் அவரது பெயருக்குக் கீழே யூஜேன் மனேயின் விதவை என்று மாத்திரமே பொறிக்கப்பட்டுள்ளது. ஓவியர் என்ற சொல் அங்கில்லை. 2013 இல் லண்டன் ஏலமொன்றில் அவரது படம் ஏறத்தாழ 109 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அன்றுவரை பெண் ஓவியர் எவரது படத்துக்கும் ஏலத்தில் அத்தொகை கிடைத்ததில்லை.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது

இன்று தாய்ப்பாலின் சிறப்பை வைத்தியர்கள் எடுத்துரைக்கின்றனர். பிரசவ விடுமுறை உண்டு. பாலைக் கறந்து குளிரூட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகவும் வழியுண்டு. மோர்வானிலிருந்து எவரும் நமக்காக வரவேண்டியதில்லை. ஆயினும் நம் பேராசிரியர்களையும் வைத்தியர்களையும் எழுத்தாளர்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஆய்வேட்டை எழுதிய இரவுகளில், மேடையேறிய மாலைகளிற் பிள்ளை யாரோ ஒருவர் மடியில் இருந்திருக்கும். ஊரை விட்டு ரொறன்ரோவின் பனிக்கும் லண்டனின் குளிருக்கும் பேரப்பிள்ளை பார்க்க வந்த அம்மம்மா ஒருவர். கொழும்பு வீட்டிற் பிள்ளையைத் தூக்கி வளர்த்த பணிப்பெண் ஒருவர். இரவுப் பாலுக்கு எழும்பிய கணவர் ஒருவர்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தன் பிள்ளையை ஊரில் விட்டுப் பிறர் பிள்ளையை வளர்க்கப் போகும் ஆஞ்செல்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரை விமான நிலையத்திற் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பெண் தலைநிமிர்வதற்காக இன்னொரு பெண்ணின் பிள்ளை பட்டினி கிடக்கலாகாது. ஆகவே வீட்டில் நமக்கு உதவ வருபவருக்கும் ஒரு வீடும் பிள்ளையும் உண்டென்பதை அறிந்து, ஊதியத்தையும் விடுமுறையையும் நியாயமாகக் கொடுப்பது நம் கடமை.

இளந்தாயாக இருக்கும் தங்கைமாருக்குச் சொல்ல ஒன்றுண்டு. பேர்த்தும் ஒரு கண்காட்சியைத் தவறவிட்டார். ஒரு வருடம் விலகி நிற்பது தோல்வியன்று. அடுத்ததற்குத் திரும்பி வருவதற்கு வேண்டிய உதவியைக் கூச்சமின்றிக் கேளுங்கள். மூத்தவர்களாகிய நாம் அந்த உதவியைக் கொடுக்கக் கூடியவர்களாக இருப்போம்.

நூற்றாண்டு விழா மேடையில் நம் சாதனையாளர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். அவ்வேளையில் ஒவ்வொருவரும் தம் பிள்ளையை ஏந்தியவரின் பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. இயலுமானவர்கள் வாய்விட்டும் சொல்வார்களாக.